பௌர்ணமியில் பள்ளம் தேடாதீர்கள்

நிலாப் பள்ளங்களைப் பார்ப்பதிலும் படமெடுப்பதிலும் வாசகர்கள் முட்டிக்கொண்ட இடங்கள் பல. அடிக்கடி வரும் கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 114 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி வைத்த நியூட்டோனியன் டெலஸ்கோப் வாங்கினேன். பௌர்ணமியன்று ஆசையாக நிலாவைப் பார்த்தால் கண் கூசியதுதான் மிச்சம். வெள்ளைத் தட்டு போல இருந்தது; ஒரு பள்ளம்கூட ஆழமாகத் தெரியவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. நாள்தான் தப்பு. பள்ளம் நம் கண்ணுக்குப் பள்ளமாகப் படுவது அதன் நிழலால். பௌர்ணமியன்று சூரிய வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து நிலாவின் முகத்தில் நேராக அடிக்கிறது. சுவர்களின் நிழல் நம் பார்வைக்கு எட்டாமல் அவற்றுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். உச்சி வெயிலில் மணல்மேட்டைப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது இல்லையா, அதே கதைதான்.

நீங்கள் பார்க்கவேண்டியது நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை. அதை ஒளி எல்லை என்போம். வளர்பிறையில் அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அப்போதுதான் சூரியன் உதிக்கும். ஒரு கிலோமீட்டர் உயரக் குன்றுகூட அங்கே பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு நிழல் நீட்டும். கோட்டுக்கு அப்பால் முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் மலையுச்சி மட்டும் வெயில் பட்டு, தனிப் பொட்டாக மின்னுவதைப் பார்த்தால் டெலஸ்கோப் வாங்கிய காசு செரித்துவிடும். ஒளி எல்லை நிலாவின் நடுக்கோட்டில் மணிக்கு சுமார் 15 கி.மீ. நகர்கிறது, சைக்கிள் வேகம். ஏழு மணிக்குப் பார்த்த இடத்தை ஒன்பது மணிக்கு மறுபடி பாருங்கள். அந்த உச்சிப்பொட்டு அகலமாகியிருக்கும், பக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைத்திருக்கும்.

பௌர்ணமி அடியோடு வீண் என்றும் சொல்லமாட்டோம். டைக்கோ, கோப்பர்நிக்கஸ், கெப்ளர் ஆகியவற்றிலிருந்து தெறித்த வெண்கதிர்களை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கலாம். பள்ளத்துக்கு மட்டும் அது உதவாத நாள்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பள்ளத்தை எந்த நாளில் பார்ப்பது? இதற்கு அட்டவணை இருக்கிறதா?

பதில்: அட்டவணை உங்கள் நாள்காட்டியிலேயே இருக்கிறது. திதி என்பது வானியல் கணக்கில் வேறொன்றும் இல்லை. சூரியனுக்கும் நிலாவுக்கும் உள்ள கோண இடைவெளியை 12 பாகை வீதம் பிரித்த கூறு. நிலாவின் மேல் ஒளி எல்லையும் ஒரு திதிக்கு அதே 12 பாகைதான் நகர்கிறது. வளர்பிறை அஷ்டமியின் நடுவில் இடைவெளி 90 பாகை. அப்போது ஒளி எல்லை நிலாவின் முகத்தை நட்டநடுவே வகுந்து நிற்கும்.

இதிலிருந்து கணக்கு எளிது. பள்ளத்தின் தீர்க்கரேகை மேற்கு என்றால் 90-உடன் கூட்டுங்கள்; கிழக்கு என்றால் 90-இலிருந்து கழியுங்கள். வந்ததை 12-ஆல் வகுத்து, மீதி இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுங்கள். அந்த எண்ணுக்குரிய வளர்பிறைத் திதியில் அந்தப் பள்ளத்தில் சூரியன் உதிக்கும். கோப்பர்நிக்கஸ் 20 பாகை மேற்கே இருக்கிறது. 90-உடன் 20 சேர்த்தால் 110. 12-ஆல் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேல். ஆக பத்தாவது திதி, தசமி. தசமியில் விளிம்பு மட்டும் மோதிரம் போல ஒளிரும், உள்ளே மை கொட்டியது போல இருக்கும். படிப்படியாக இறங்கும் உட்சுவரையும் நடுவிலுள்ள குன்றுகளையும் பார்க்க ஏகாதசி வரை பொறுக்கவேண்டும்.

இதே கணக்குப்படி திருதியையில் லாங்ரீனஸ், பெட்டேவியஸ் இரண்டும் வரும். பெட்டேவியஸின் தரையில் நடுக்குன்றிலிருந்து சுவர் வரை கோடு கிழித்தது போல ஒரு பிளவு ஓடுவதைத் தவறவிடாதீர்கள். சஷ்டியில் தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி. தியோஃபிலஸ் சிரிலஸின் சுவரை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எது இளையது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அஷ்டமிக்கு 153 கி.மீ. அகலமுள்ள டாலமேயஸும் அதன் கீழே அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கெலும். நவமிதான் எல்லாவற்றிலும் பணக்கார நாள்: இருண்ட தரையுள்ள பிளேட்டோ, 85 கி.மீ. டைக்கோ, 110 கி.மீ. நீளத்துக்கு நேராக ஓடும் 'நேர்சுவர்' என்ற சரிவு, தெற்கே 230 கி.மீ. அளவுள்ள கிளாவியஸ். கிளாவியஸின் தரையில் சின்னப் பள்ளங்கள் பெரியதிலிருந்து சிறியதாக வில் போல வளைந்து போகும். அவற்றில் எத்தனையை எண்ண முடிகிறது என்பது உங்கள் கருவிக்கும் அன்றைய காற்றுக்கும் நல்ல பரீட்சை. ஏகாதசிக்கு கசெண்டி, துவாதசிக்கு அரிஸ்டார்கஸ்.

இன்னொரு வசதியும் உண்டு. எந்தத் திதியில் ஒரு பள்ளத்தில் சூரியன் உதிக்கிறதோ, தேய்பிறையில் அதே பெயருள்ள திதியில் அங்கே சூரியன் மறையும். நிழல் அப்போது எதிர்ப்பக்கம் விழும். நேர்சுவர் வளர்பிறை நவமியை ஒட்டிக் கறுப்புக் கோடு. தேய்பிறையில் சரிவின் முகத்தில் வெயில் விழுவதால் வெள்ளைக் கோடு. என்ன, தேய்பிறைக்கு நள்ளிரவுக்கு மேல் எழுந்திருக்கவேண்டும்.

நிலா நம்மைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவதால் (அதனால்தான் அதன் பரப்பில் 59 சதவீதம் வரை நமக்குத் தெரிகிறது) மேலே சொன்ன கணக்கு முக்கால் நாள் வரை முன்பின்னாகலாம். ஒரு நாள் தவறினால் அடுத்த நாளும் பாருங்கள்.

கேள்வி: என் 114 மி.மீ. கருவியின் பெட்டியில் '675 மடங்கு' என்று போட்டிருந்தது. 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), உருப்பெருக்கத்தைக் கூட்டும் 3 மடங்கு பார்லோ வில்லையையும் சேர்த்துப் போட்டால் வெறும் சாம்பல் புகைதான் தெரிகிறது.

பதில்: கணக்கு சரி, காட்சிதான் வராது. உங்கள் டெலஸ்கோப்பின் 900 மி.மீ. குவியத் தூரத்தை 4-ஆல் வகுத்தால் 225, மூன்றால் பெருக்கினால் 675. ஆனால் கண்ணாடியின் விட்டம் மி.மீ.யில் எவ்வளவோ, அதன் இரண்டு மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் போனால் புதிதாக எந்த விவரமும் வராது. உள்ளதே பெரிதாகி மங்கும். உங்கள் கருவிக்கு உச்சவரம்பு சுமார் 225. அதுவும் காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் மட்டும். பெரும்பாலான இரவுகளில் 90 முதல் 150 மடங்குதான் கைகொடுக்கும்.

114 மி.மீ. கண்ணாடி பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் சுமார் 1 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). நிலாவின் சராசரித் தூரமான 3,84,400 கி.மீ.யில் அது 1.9 கி.மீ. ஆகவே இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்த பள்ளத்தை எவ்வளவு பெருக்கினாலும் பள்ளமாகப் பார்க்க முடியாது. 150 மி.மீ. என்றால் 1.4 கி.மீ., 200 மி.மீ. என்றால் 1.1 கி.மீ.

25 மி.மீ. ஐபீஸில் (36 மடங்கு) தொடங்குங்கள். இடத்தைப் பிடித்த பிறகு 10 மி.மீ. (90 மடங்கு). அப்போதும் படம் கூர்மையாக இருந்தால் மட்டும் 2 மடங்கு பார்லோ. அந்த 3 மடங்கு பார்லோவை மூடிவைத்துவிடலாம்.

கேள்வி: கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் நிலா கிடப்பது போல ஆடிக்கொண்டே இருக்கிறது. ஃபோகஸ் எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை.

பதில்: முதலில் நோயைப் பிரித்தறியுங்கள். படம் ஆடினால் காற்று. ஆடாமல் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் கருவி.

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் வானம் இல்லை, பக்கத்தில் இருக்கும் சூடு. வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த குழாய்க்குள் வெதுவெதுப்பான காற்று சுழலும். 114 மி.மீ. கண்ணாடிக்கு அரை மணி, 200 மி.மீ.க்கு ஒரு மணியாவது வெளியில் வைத்து ஆறவிடுங்கள். ஆறியதா என்று பார்க்க, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கி வட்டமாக்குங்கள்; வட்டத்துக்குள் புகை போல ஏதோ மெதுவாக எழுந்தால் இன்னும் ஆறவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் தரையும் கூரையும் இரவில் அதைக் கக்கும். புல்தரை, மண்தரை மேல். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலாகப் பார்ப்பதைத் தவிர்த்தாலே பாதி ஆட்டம் நிற்கும். நிலா அடிவானிலிருந்து 30 பாகைக்கு மேல் இருக்கட்டும். அதற்குக் கீழே என்றால் இரண்டு மடங்கு கனமான காற்றின் வழியாகப் பார்க்கிறீர்கள். மெல்லிய பிறை சீக்கிரம் தாழ்ந்துவிடும் என்பதால் முழு இருட்டுக்குக் காத்திருக்கவேண்டாம். அந்தி வெளிச்சத்திலேயே ஆரம்பியுங்கள். நிலாவுக்கு இருட்டு அவசியமில்லை.

இத்தனையும் செய்த பிறகும் ஆடினால் அது மேல்காற்று. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஐபீஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு நொடி எல்லாம் உறைந்து நிற்கும். ஃபோகஸை அந்த நொடியில் சரிபாருங்கள். கைமறதியாகத் திருகிக்கொண்டே இருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

மங்கல் கருவியால் என்றால் கண்ணாடிகள் ஒரே அச்சில் இல்லை என்று பொருள். உயரத்தில் உள்ள நட்சத்திரம் ஒன்றைப் பார்வைப் புலத்தின் நடுவில் வைத்து, ஃபோகஸிலிருந்து லேசாக விலக்குங்கள். வளையங்களும் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளியும் ஒரே மையத்தில் இருக்கவேண்டும். புள்ளி ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அடிக்கண்ணாடியின் மூன்று திருகுகளில் ஒன்றை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். நட்சத்திரம் நகர்ந்துவிடும், டெலஸ்கோப்பை அசைத்து அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே பலனைப் பாருங்கள். நடுவுக்குக் கொண்டுவராமல் அடுத்த திருகைத் தொட்டால் விடிய விடியச் சுற்றிக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

கேள்வி: நிலா வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா? மூன் ஃபில்டர் கட்டாயமா?

பதில்: கெடுக்காது. கூசும், சிறிது நேரம் அந்தக் கண் இருட்டடித்தது போல இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டாலோ, உருப்பெருக்கத்தைக் கூட்டினாலோ கூச்சம் குறைந்துவிடும். ஃபில்டர் வசதிக்குத்தான். ஆனால் உங்கள் பெட்டியில் ஐபீஸில் திருகும் 'சன்' ஃபில்டர் இருந்தால் அதை உடனே உடைத்து எறியுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது எந்த நொடியிலும் விரிசல் விடலாம்; விட்டால் பார்வை போய்விடும்.

கேள்வி: நிலா வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவுமே பொருந்தவில்லை.

பதில்: நியூட்டோனியன் தலைகீழாகக் காட்டும். வரைபடத்தையும் தலைகீழாகத் திருப்பினால் தீர்ந்தது. வில்லை டெலஸ்கோப்பில் 90 பாகை மடக்குக் கண்ணாடி போட்டிருந்தால் இடவலம் மாறிய பிம்பம் வரும். இதைப் படத்தைச் சுற்றிச் சரிசெய்யவே முடியாது, செயலியில் இடவலம் மாற்றும் வசதியைத் தட்டவேண்டும். தனித்து நிற்கும் கருநிற முட்டை வடிவம் 'கிரைசியம் கடல்'. அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், அது இருக்கும் விளிம்பு கிழக்கு. பழைய நூல்களில் அதே விளிம்பை மேற்கு என்று போட்டிருப்பார்கள். 1961-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் திசைகளை மாற்றியமைத்தது. நூல் அதற்கு முந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐபீஸில் செல்போனை வைத்து எடுத்தால் ஒன்று வெள்ளைத் திட்டு, இல்லையென்றால் பாதிப் படம் கறுப்பு. கண்ணால் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

பதில்: இரண்டும் வெவ்வேறு பிரச்சினை. கறுப்பு வருவது போன் லென்ஸ் ஐபீஸின் அச்சில் இல்லாததால், அல்லது தூரம் தப்பாக இருப்பதால். ஐபீஸுக்குப் பின்னால் ஒளி ஒரு சிறு வட்டமாகக் கூடும் இடம் உண்டு. நம் கண் நிற்கவேண்டிய இடமும் அதுதான். போன் லென்ஸ் அங்கேதான் நிற்கவேண்டும். 4 மி.மீ. ஐபீஸில் அது கண்ணாடியை ஒட்டியே இருப்பதால் போன் எட்டாது. 25 அல்லது 20 மி.மீ. ஐபீஸில் பழகுங்கள். கையால் பிடித்து எடுப்பது சூதாட்டம். போனை ஐபீஸோடு கவ்விப் பிடிக்கும் அடாப்டர் ஒன்று வேண்டும். பகலில் தூரத்து மரத்தைப் பார்த்து அடாப்டரைப் பொருத்தி, திருகுகளை இறுக்கி வைத்துக்கொண்டால் இரவில் தடுமாற்றம் இருக்காது.

மூன்று லென்ஸ் உள்ள போனில் இன்னொரு வில்லங்கம்: நீங்கள் ஜூம் செய்ததும் அது சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்குத் தாவும், திரை இருண்டுவிடும். 1 மடங்கில், முதன்மை லென்ஸிலேயே இருங்கள்.

வெள்ளைத் திட்டு வருவது, சுற்றியுள்ள கறுப்பு வானத்தைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் கூட்டுவதால். புரோ மோடுக்குப் போங்கள். அரைநிலாவுக்கு, 114 மி.மீ. கருவியில் 90 மடங்கில், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 வினாடி என்று தொடங்கலாம். 36 மடங்கில் பிம்பம் இன்னும் பிரகாசம். 1/500 முதல் 1/1000 வரை தேவைப்படும். புரோ மோடு இல்லாத போனில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். திரையில் 'கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே' என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. பிறகு ஏற்றிக்கொள்ளலாம்; வெள்ளையாக வெந்துபோன இடத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. 3 வினாடி டைமர் வையுங்கள், விரல் பட்ட அதிர்வு அடங்கட்டும்.

நிலாவை அடையாளம் கண்டு தானாகவே 'அழகுபடுத்தும்' வசதி உங்கள் போனில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாத கூர்மையை அது சேர்க்கும். பிறகு உங்கள் படத்தில் உள்ள சிறு பள்ளம் நிலாவில் உள்ளதா, போனில் உள்ளதா என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் கேமராவை டி-ரிங் (கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் வளையம்) போட்டு நியூட்டோனியனில் மாட்டினேன். ஃபோகஸர் முழுவதும் உள்ளே போன பிறகும் தெளிவு வரவில்லை.

பதில்: பிம்பம் விழும் இடம் குழாய்க்கு மிக அருகில், கேமராவின் சென்சாரோ உடலுக்குள் 4, 5 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியை ஃபோகஸரால் ஈடுகட்ட முடியவில்லை. கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த பல நியூட்டோனியன்களில் இந்தச் சிக்கல் உண்டு. மிக எளிய தீர்வு: நடுவே 2 மடங்கு பார்லோ. அது பிம்பத்தை வெளியே தள்ளிவிடும். கூடவே பெரிதாக்கவும் செய்யும், நல்லதுதான். 900 மி.மீ. கருவியில் சென்சார் மேல் நிலா சுமார் 8 மி.மீ. வட்டம்; பார்லோவுடன் 16. ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 மி.மீ. சொச்சம்தான், ஆகவே பௌர்ணமி நிலா விளிம்பில் வெட்டுப்படும். பிறைக்கும் அரைநிலாவுக்கும் தொல்லை குறைவு. அடிக்கண்ணாடியை நீளமான திருகுகள் போட்டு மேலே ஏற்றுவது இன்னொரு வழி. ஆனால் திரும்பக் கோர்த்து அச்சு சரிசெய்யப் பொறுமை இருந்தால் மட்டும்.

பார்லோ இல்லாமல் எஃப்/8-இல் (குவியத் தூரம் கண்ணாடி விட்டத்தின் 8 மடங்கு) ஐஎஸ்ஓ 100 என்றால் பௌர்ணமிக்கு 1/200, அரைநிலாவுக்கு 1/50. பார்லோ போட்டால் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கவேண்டும். லைவ் வியூவில் எடுங்கள்; உள்ளிருக்கும் கண்ணாடி படாரென எழும் அதிர்வே படத்தைக் கெடுக்கப் போதும். ரா கோப்பாகச் சேமியுங்கள்.

கேள்வி: 150 மி.மீ. எஃப்/8 டாப்சோனியனில் (கையால் திருப்பும் தாங்கியில் நிற்கும் நியூட்டோனியன்), 2.9 மைக்ரான் பிக்சலுள்ள யுஎஸ்பி கேமரா மாட்டியிருக்கிறேன். மோட்டார் கிடையாது. வீடியோ எடுத்து அதன் ஃபிரேம்களை ஸ்டாக் செய்தால் (அடுக்கி ஒரே படமாக்கினால்) படம் ஒன்றுமேல் ஒன்று விழுந்து கலங்கிவிடுகிறது. கூர்மைப்படுத்தினால் பள்ளங்களின் விளிம்பில் வெள்ளைக் கம்பி ஓடுகிறது.

பதில்: முதலில் அளவு பொருந்துகிறதா பார்ப்போம். பிக்சல் மைக்ரானின் ஐந்து மடங்கு வரை எஃப் எண் போகலாம் என்பது அனுபவ விதி: 2.9-க்கு எஃப்/14.5. உங்கள் எஃப்/8 கருவியில் 2 மடங்கு பார்லோ போட்டால் எஃப்/16, கிட்டத்தட்ட அதே. அப்போது ஒரு பிக்சல் நிலாவில் 460 மீட்டர். உங்கள் கண்ணாடி பிரிக்கும் 1.4 கி.மீ. மூன்று பிக்சலில் விழுகிறது. இதற்கு மேல் பார்லோவைப் பெருக்கினால் இருட்டும் ஆட்டமும்தான் கூடும்.

மோட்டார் இல்லாதது பெரிய குறையில்லை. 1936 பிக்சல் அகல சென்சாரில் இந்த அமைப்புக்குச் சுமார் 8 ஆர்க்நிமிடப் புலம் கிடைக்கும் (ஒரு ஆர்க்நிமிடம் 60 ஆர்க்செகண்ட்). நிலா வினாடிக்கு சுமார் 14.5 ஆர்க்செகண்ட் நகர்வதால் ஒரு பள்ளம் ஓரத்திலிருந்து ஓரம் போக 33 வினாடி. டெலஸ்கோப்பைப் பள்ளத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து, கையை எடுத்துவிட்டு, அது ஊர்ந்து கடப்பதைப் பதிவு செய்யுங்கள். எக்ஸ்போஷர் 10 மில்லிசெகண்டுக்குக் கீழே இருக்கவேண்டும். அதற்குள் நிலா 0.15 ஆர்க்செகண்ட்தான் நகரும், இழுபடாது. காற்றின் ஆட்டமும் அந்த நேரத்துக்குள் உறைந்துவிடும். ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 70 சதவீதத்தைத் தொடும்வரை கெயினை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றுங்கள். ஒரு ஃபிரேமில் குருணை தெரிந்தால் பயப்படவேண்டாம்; 300 ஃபிரேம்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் 17-இல் ஒரு பங்காகிவிடும்.

ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர் என்ற பதிவு மென்பொருளில் 8 பிட் எஸ்இஆர் வீடியோ கோப்பாக எடுங்கள். வினாடிக்கு 100 ஃபிரேம் என்றால் 30 வினாடிக்கு 6 ஜிபிக்கு மேல் வரும். பழைய சுழல் டிஸ்க்கும் யுஎஸ்பி 2 கம்பியும் இதற்கு ஈடுகொடுக்காது, நடுநடுவே ஃபிரேம்கள் விழுந்துபோகும். வேகம் போதவில்லை என்றால் பதிவாகும் பரப்பைக் குறையுங்கள், எக்ஸ்போஷரைக் கூட்டாதீர்கள்.

இனி உங்கள் கலங்கல். ஸ்டாக் செய்யும் மென்பொருளான ஆட்டோஸ்டாக்கர்ட்டில் 'பிளானட்' தேர்வில் விட்டிருப்பீர்கள் என்பது எங்கள் ஊகம். அது கறுப்பு வானத்தில் ஒரு ஒளி உருண்டையைத் தேடும். திரை நிறைய நிலா இருந்தால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறும். 'சர்ஃபேஸ்' தேர்வுக்கு மாற்றி, நிழல் அழுத்தமாக உள்ள ஒரு பள்ளத்தின் மேல் நங்கூரப் பெட்டியை வையுங்கள். அந்தப் பள்ளம் வீடியோ முழுவதும் திரைக்குள்ளேயே இருக்கவேண்டும். ஆகவே முதல் சில வினாடிகளையும் கடைசிச் சில வினாடிகளையும் வெட்டிவிடுங்கள். தரவரிசைப்படுத்திய பிறகு மேலே உள்ள 10 சதவீதம் போதும். காற்று மோசமான இரவில் 5.

வெள்ளைக் கம்பி மிகைக் கூர்மையின் கையெழுத்து. ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் கூர்மையைக் கூட்டும் வேவ்லெட் பட்டைகளை ஏற்றும்போது 100 சதவீத அளவில் வைத்து, வெயில்படும் விளிம்பை மட்டும் உற்றுப் பாருங்கள். கம்பி தலைகாட்டியதும் இரண்டு படி கீழே இறங்குங்கள். அப்படியும் மென்மையாகத் தெரிந்தால் அன்றைய காற்று கொடுத்தது அவ்வளவுதான். மோனோ (கறுப்பு வெள்ளை) கேமரா வைத்திருப்பவர்கள் ஆட்டமான இரவில் சிவப்பு ஃபில்டர் போட்டுப் பார்க்கலாம். அலைநீளம் கூடினால் ஆட்டம் குறையும், நுண்மையும் லேசாகக் குறையும்.

கேள்வி: நான் எடுத்த படத்தில் பள்ளங்களெல்லாம் கொப்புளங்கள் போல மேடாகத் தெரிகின்றன!

பதில்: கண்ணின் பழக்கதோஷம். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். படத்தில் வெயில் கீழிருந்து அடித்தால் குழி மேடாகிவிடும். படத்தை அரைச்சுற்றுத் திருப்புங்கள், அடுத்த நொடி எல்லாம் குழிந்துவிடும். பிறருக்குக் காட்டும்போது வடக்கு மேலே இருப்பது வழக்கம். அப்போது வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் இந்த மயக்கம் பெரும்பாலும் வராது.

கேள்வி: என் படத்தை வைத்து ஒரு மலையின் உயரத்தைக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். 1610-இல் கலிலியோ செய்ததும் இதே வகைக் கணக்குதான், படம்தான் இல்லை. நிலாவின் முகத்து நடுப்பகுதியில் உள்ள குன்றைத் தேர்ந்தெடுங்கள். விளிம்புப் பக்கம் எல்லாம் சுருங்கித் தெரியும். டாலமேயஸின் அகலம் 153 கி.மீ. உங்கள் படத்தில் அது 306 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சல் அரை கிலோமீட்டர். குன்றின் நிழல் 30 பிக்சல், அதாவது 15 கி.மீ. குன்றிலிருந்து ஒளி எல்லை 300 பிக்சல், அதாவது 150 கி.மீ. நிலாவில் ஒரு பாகை 30.3 கி.மீ. என்பதால் இது 5 பாகை. குன்றின் உச்சியில் நிற்பவருக்குச் சூரியன் அந்த 5 பாகை உயரத்தில் இருக்கிறது. 5 பாகையின் டேன்ஜென்ட் 0.0875, அதை 15-ஆல் பெருக்கினால் 1.31 கி.மீ. அந்த 15 கி.மீ.க்குள் நிலாவின் தரையே 65 மீட்டர் வளைந்து இறங்குவதால் அதைக் கழியுங்கள்: ஏறக்குறைய 1.25 கி.மீ.

பிழை நுழையும் இடம் ஒளி எல்லை. சூரியன் புள்ளியல்ல, அரை பாகைத் தட்டு. அதனால் எல்லையே 16 கி.மீ. அகலத்துக்கு மங்கலாக இருக்கும். ஒரு பாகை பிசகினால் உயரம் இருபது சதவீதம் மாறிவிடும். படமெடுத்த நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துவைத்து, விர்ச்சுவல் மூன் அட்லஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒளி எல்லையின் தீர்க்கரேகையை எடுத்துக்கொள்வது மேல்.

கேள்வி: அப்போலோ 11 விட்டுவந்த தளம் என் 150 மி.மீ. டெலஸ்கோப்பில் தெரியுமா?

பதில்: கலம் தெரியாது. இறங்குகலத்தின் நான்கு மீட்டர் உடலைப் பிரித்துப் பார்க்க 50 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். இடத்தைப் பார்க்கலாம். சஷ்டியை ஒட்டி 'அமைதிக் கடலின்' தென்மேற்கு ஓரத்தில் சபைன், ரிட்டர் என்று ஒட்டியபடி இரண்டு பள்ளங்களைப் பிடியுங்கள். அவற்றுக்குக் கிழக்கே வரிசையாக மூன்று பொடிக் குழிகள்: ஆல்ட்ரின் 3.4 கி.மீ., காலின்ஸ் 2.4, ஆர்ம்ஸ்ட்ராங் 4.6. இறங்கிய இடம் அந்த வரிசைக்குச் சற்றுத் தெற்கே. 150 மடங்கு வையுங்கள். ஆர்ம்ஸ்ட்ராங் எளிதில் சிக்கும். காலின்ஸுக்குக் காற்று ஒத்துழைக்கவேண்டும். வெயில் ஏறிவிட்டால் மூன்றும் வெறும் வெளிர்ப்பொட்டுகளாகிவிடும், ஆகவே அஷ்டமிவரை தள்ளிப்போடாதீர்கள்.